தலை எண்ணும் தொழில்

மாலத்தீவு என்றதும் வெண்மணலும் நீலக்கடலும் நம் கண்முன் வந்து நிற்கும். 1972ஆம் ஆண்டில் குரும்பா என்னும் தீவில் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது முதல், அந்நாட்டின் பிழைப்பு பெரிதும் விருந்தினரை நம்பியே நடந்து வருகிறது. அவ்விருந்தினரில் கணிசமானோர் கரையில் காற்று வாங்க வருவதில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு கடலுக்குள் இறங்கவே வருகிறார்கள். அவர்களை அழைத்துச் சென்று, பத்திரமாகத் திரும்ப அழைத்து வருபவருக்கு 'டைவ் மாஸ்டர்' என்று பெயர். இத்தொழிலைப் பயிலும் ஓர் இளைஞனின் ஒரு நாளை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம். மீனோடு விளையாடிச் சம்பளம் வாங்கும் வேலை என்று எண்ணியிருப்போர் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

நினைத்தவுடன் இப்பயிற்சியில் சேர்ந்துவிட இயலாது. உலகெங்கும் பரவியுள்ள 'பாடி' என்னும் பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி, வயது 18 நிறைந்திருக்க வேண்டும்; மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்; மருத்துவரின் சான்று வேண்டும். சேரும்போது 40 முறையாவது கடலுக்குள் இறங்கி ஏறிய கணக்குக் கையில் இருக்க வேண்டும். சான்றிதழ் பெறும்போது அது 60 ஆகியிருக்க வேண்டும். 400 மீட்டர் நீச்சல், 15 நிமிடம் நீரில் நின்றபடி மிதத்தல், அசைவற்ற ஒருவரை 100 மீட்டர் இழுத்துச் செல்லுதல் என்று உடல்வலுவைச் சோதிக்கும் தேர்வுகளும் உண்டு. இளைஞர்கள் இவற்றைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். எம்மைக் கேட்டால், இவைதாம் இப்பயிற்சியில் எளிய பகுதி என்போம்.

விருந்தினர் காலைச் சிற்றுண்டிக்கு வருமுன்பே பயிலுநரின் வேலை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றழுத்தம் ஏறத்தாழ 200 பார் இருக்கிறதா என்று அவன் பார்க்க வேண்டும். ஒரு காரின் சக்கரத்தில் உள்ள அழுத்தம் சுமார் 2 பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த உலோகக் குடுவையை ஏன் குழந்தையைப் போல் கிடத்துகிறார்கள் என்பது விளங்கும். உயிர்வாயுப் பெட்டி, முதலுதவிப் பெட்டி, வானொலிக் கருவி ஆகியவற்றைச் சரிபார்த்துப் படகில் ஏற்றுகிறான். அப்படகை அவர்கள் 'தோணி' என்றே அழைக்கிறார்கள். நம் காதுக்கு இனிக்கும் சொல்! இதே தீவுகளில் 14ஆம் நூற்றாண்டில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, கடலிலிருந்து எடுக்கும் சோழியே இம்மக்களின் நாணயம் என்று எழுதி வைத்தார். கடல் சோறு போடுவது இங்கே புதிதன்று.

பவளத்திட்டுகளுக்கு இடையேயுள்ள கால்வாய்களைத் தீவினர் 'கண்டு' என்பர். அலைஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும் அவ்வழியே நீர் ஆறுபோல் பாயும். சுறாவும் திருக்கையும் கூடுவது அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். ஆதலால் தோணி நின்றதும் முதலில் குதிப்பவன் பயிலுநன். நீரோட்டம் எத்திசையில், எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்று பார்த்து அவன் மேலே வந்து சொன்ன பிறகே மற்றவர் இறங்குவர். அவன் 'வேண்டாம்' என்று சொன்னால், பயிற்றுநர் அதைக் கேட்டு வேறிடம் செல்வதும் உண்டு. 20 வயது இளைஞனின் ஒரு சொல்லுக்கு அத்தனை மதிப்பு!

இறங்குமுன் சைகைகளை நினைவூட்டுகிறார்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் நாம் 'நன்று' என்று பொருள் கொள்வோம். நீருக்கடியிலோ அது 'மேலே போகலாம்' என்பதற்கு அடையாளம். மகிழ்ச்சியில் விரலை உயர்த்தும் புதியவரால் குழு முழுதும் குழம்பிப் போவதும் உண்டு. மாலத்தீவின் விதி பொழுதுபோக்கு முக்குளிப்பவருக்கு 30 மீட்டரை எல்லையாக வகுத்திருக்கிறது. அந்த ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் 4 மடங்கு. எனவே, இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 4 மடங்கு காற்றுச் செலவாகிறது. பதற்றம் கொண்டவர் இன்னும் வேகமாக இழுப்பார். பயிற்றுநர் முன்னே செல்ல, பயிலுநன் கடைசியில் வருகிறான். அவன் பார்க்க வேண்டியது மீனையன்று, மனிதரின் மூச்சுக்குமிழிகளை. குமிழிகள் நெருங்கி வந்தால் அச்சம் என்று பொருள். புகைப்படக் கருவியோடு பின்தங்குபவர் ஒருவர், காது வலித்தும் சொல்லாமல் இறங்குபவர் ஒருவர் என்று எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். ஒருவரைக் காணவில்லையென்றால் ஒரு நிமிடம் தேடிவிட்டு அனைவரும் மேலே வந்துவிட வேண்டும். அந்த ஒரு நிமிடம் எத்தனை நீளமானது என்பது கடைசியில் வருபவனுக்குத்தான் தெரியும்.

மேலேறுவதும் நினைத்தபடி நடப்பதன்று. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, நிறமேறிய மிதவையை மேலே அனுப்பிப் படகுக்கு அறிவித்து, அதன்பின் எழ வேண்டும். படகில் ஏறியதும் நடப்பதுதான் இத்தொழிலின் உயிர்நாடி என்பது எம் கருத்து. தலை எண்ணுதல்! பெயர் சொல்லி அழைத்து, முகத்தைப் பார்த்து, பட்டியலில் குறித்த பிறகே இயந்திரம் இயங்க வேண்டும். இது சின்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் முக்குளித்துக்கொண்டிருந்த அமெரிக்கத் தம்பதியரைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரை திரும்பியது. எண்ணிக்கையில் பிழை. அவர்கள் திரும்பவில்லை என்பது இரண்டு நாள் கழித்தே தெரிய வந்தது. அவர்களின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

பிற்பகலில் பாடம். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அக்காற்று விரிந்து இரு மடங்காகி நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே, மூச்சை அடக்காதே என்பதே முதல் விதி. மற்றொன்று நைட்ரஜன். ஆழத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சோடாப் புட்டியைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குவதுபோல, விரைந்து மேலேறினால் உடலுக்குள் குமிழிகள் தோன்றும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடியது அது. ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து 1908இல் இதற்கான முதல் அட்டவணைகளை வெளியிட்டார். பின்னர் நீச்சல் குளத்தில் ஒரு சோதனை: இருவர் ஒரே மூச்சுக்குழாயை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியபடி, தத்தம் கருவிகளை நீருக்கடியிலேயே கழற்றி ஒருவருக்கொருவர் மாட்டிவிட வேண்டும். நடைமுறையில் எவரும் இப்படிச் செய்யப் போவதில்லை. காற்றில்லாத நேரத்தில் அறிவு நிலைக்கிறதா என்று பார்க்கவே இது.

மாலையில் கருவிகளை நன்னீரில் அலசி, மறுநாளைக்குரிய பெயர்களைப் பலகையில் எழுதுகிறான். அப்போதுதான் அந்நாளின் கடினமான தேர்வு வருகிறது. பணம் கட்டிய விருந்தினர் ஒருவர், விடுமுறையின் கடைசி நாளான நாளை மாலை 4 மணிக்கு இன்னொரு முறை இறங்க வேண்டும் என்கிறார். மறுநாள் காலை 8 மணிக்கு அவருக்கு விமானம். பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமாவது தரையில் கழித்த பின்னரே விமானம் ஏற வேண்டும். மேலே காற்றழுத்தம் குறையும்போது மிஞ்சிய நைட்ரஜன் குமிழியாகிவிடும். கணக்குப் பார்த்தால் அவர் பிற்பகல் 2 மணிக்குள் கடலைவிட்டு ஏறியிருக்க வேண்டும். விருந்தினர் கெஞ்சுகிறார், பின்பு கோபிக்கிறார், மேலாளரிடம் சொல்வேன் என்கிறார். பயிற்றுநர் சற்றுத் தள்ளி நின்று, வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பயிலுநன் பணிவாக, காலை 9 மணிக்குப் புறப்படும் தோணியில் இடம் இருக்கிறது என்கிறான். மாலைத் தோணியின் பட்டியலில் அவர் பெயரை அவன் எழுதவில்லை.