கால்வாசிப் பேர் கிளம்பிப் போகும் வங்கிகள்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. உழைப்பவர் அனைவருக்கும் இனிப் பாதுகாப்பு என்ற பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை. பெரிய தனியார் வங்கியின் கிளையில், கழுத்தில் அடையாள அட்டையோடு வாடிக்கையாளரை எதிர்கொண்டு நிற்கும் இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சட்டங்களால் என்ன கிடைக்கும்? தொழில் உறவுகள் தொகுப்பின்படி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளர் அல்லர். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் அல்லர். வங்கிகளோ, சேரும் முதல் நாளே ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’ (ஆர்.எம்.), ‘டெபுடி மேனேஜர்’ என்று பதவி கொடுத்துவிடுகின்றன. அந்த மேனேஜருக்குக் கீழே ஒரு ஆள்கூடக் கிடையாது. பதவியின் பெயரைப் பார்க்கக் கூடாது, செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உண்மைதான். வழக்குப் போட்டு அதை நிரூபிக்க, மாதச் சம்பளத்தை நம்பி வாழும் எந்த ஆர்.எம்.முக்குத் தெம்பிருக்கிறது?

சட்டம் கைவிட்ட இந்தப் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: கிளம்பிவிடுகிறார்கள். தனியார் வங்கிகள் சிலவற்றிலும் சிறு நிதி வங்கிகளிலும் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 25 விழுக்காட்டினர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று, 2024 டிசம்பரில் வெளியான ரிசர்வ் வங்கியின் அறிக்கை சொன்னது. நான்கு பேரில் ஒருவர். தனியார் வங்கி ஊழியர்களின் மொத்த எண்ணிக்கை பொதுத்துறை வங்கிகளைத் தாண்டியதும் அந்த அறிக்கை பேசும் 2023-24இல்தான். இந்தியாவில் வங்கி வேலை என்றால் இனிப் பெரும்பாலும் இந்த வேலைதான் என்று பொருள்.

அறிக்கை மருந்தும் எழுதிக் கொடுத்தது. சேரும்போது நல்ல அறிமுகம், பயிற்சி, வழிகாட்டிகள், போட்டியான சலுகைகள், ஆதரவான பணிச்சூழல். விற்பனை இலக்கு என்ற ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. நோயை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

கிளைக்குள் போய்ப் பாருங்கள். காலையில் கதவு திறக்குமுன் ‘ஹடில்’. இன்று எத்தனை கணக்கு, எத்தனை இன்சூரன்ஸ், எத்தனை கிரெடிட் கார்டு என்று ஒவ்வொருவரும் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுக்க வேண்டும். மதியம், பல கிளைகளைக் கவனிக்கும் ‘கிளஸ்டர் ஹெட்’டின் தொலைபேசிக் கூட்டம். மாலையில் இன்னொன்று. வாட்ஸ்ஆப் குழுவில் முதலிடம் வந்தவருக்குக் கைதட்டல், அன்று ‘ஜீரோ’ போட்டவரின் பெயர் பட்டியலின் அடியில். மாதக் கடைசி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. 2023 ஜூனில், ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் கொல்கத்தா அதிகாரி ஒருவர் இணையவழிக் கூட்டத்தில் இலக்கை எட்டாத ஊழியர்களைக் கத்தித் திட்டும் காணொளி வெளியாகி, வங்கி அவரை இடைநீக்கம் செய்தது. அவர் தலையில் அந்த இலக்கைச் சுமத்தியது யார் என்ற கேள்வி அதோடு அமுங்கிப்போனது.

இந்தக் கேள்வியைக் கடைசிவரை கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைவிட நல்ல பாடம் கிடையாது. நம் வங்கி இயக்குநர்கள் ஒவ்வொருவரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது என் தீராத ஆசை. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுத் திட்டங்களாவது விற்க வேண்டும் என்பது அந்த வங்கியின் தாரக மந்திரம். கிளைக்குக் கிளை, நாளுக்கு நாள் கணக்கெடுத்தார்கள். எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் இதை வெளிக்கொண்டுவந்தது. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம். முறைகேட்டுக்காக அதற்குள் வெளியேற்றப்பட்ட ஊழியர்கள் சுமார் 5,300 பேர். அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம்வரை இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு அந்த வங்கியே சொன்னது. ஐயாயிரம் பேர் ஒரே நிறுவனத்தில் ஒரே தவறைச் செய்தால் அது ஐயாயிரம் பேரின் ஒழுக்கக்கேடு ஆகுமா? முதலில் அப்படித்தான் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்டம்ப் பதவி விலகினார். 2020இல் அவருக்கே 1.75 கோடி டாலர் அபராதம் விதித்து, வங்கித் துறையில் இனிப் பணியாற்றவும் தடை போட்டார்கள். இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுண்டு: 2016இலேயே கிளை ஊழியர்களுக்கான விற்பனை இலக்குகளை அந்த வங்கி கைவிட்டது. அதனால் மூழ்கிவிடவில்லை, இன்றும் அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றாகவே இருக்கிறது.

இலக்கு இல்லாவிட்டால் யாரும் வேலை செய்யமாட்டார்கள் என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை, இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் தாவிவிடுகிறது என்கிற மனிதவள அதிகாரிகளின் பேச்சு வெறும் சாக்கு. அதே வயதுப் பிள்ளைகள்தான் பொதுத்துறை வங்கித் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பொறுமையில்லாதவர்கள் செய்யும் காரியமா அது?

ஊழியர் போய்விடுவதால் வங்கிக்கு நட்டம் என்கிறார்கள். முழு நட்டம் வாடிக்கையாளருக்குத்தான். வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்த ஓய்வூதியர், எஃப்.டி. மாதிரிதான் என்று சொல்லப்பட்ட காப்பீட்டுப் பாலிசியோடு வீடு திரும்புகிறார். அடுத்த ஆண்டு இரண்டாவது பிரீமியம் கேட்டுக் குறுஞ்செய்தி வரும்போது, விற்ற பிள்ளை அந்த வங்கியிலேயே இருப்பதில்லை. புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. புகாருக்கு முகமே இல்லாமல் போகிறது. தவறான காப்பீட்டு விற்பனை கடன் வாங்குபவரின் செலவைக் கூட்டுகிறது என்று 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே பேசினார். பேச்சு மட்டும் போதாது.

தனியார் வங்கிகள் கிளை ஊழியருக்குத் தனிப்பட்ட விற்பனை இலக்கு வைப்பதையே ரிசர்வ் வங்கி தடை செய்ய வேண்டும். படிப்படியாக அல்ல, வரும் நிதியாண்டிலிருந்தே. கிளைவாரியாக எத்தனை பேர் வேலையை விட்டார்கள், அவர்கள் விற்ற பாலிசிகளில் எத்தனை இரண்டாம் ஆண்டில் காலாவதியாயின என்ற இரண்டு எண்களையும் வங்கிகள் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டும். இரண்டாவது எண் உயர்ந்தால், முதலில் பிடிக்க வேண்டியது இயக்குநர்களின் போனஸை.