நமக்கும் ஒரு கணக்கு வேண்டும்



‘வயிற்று வலி தாங்காமல் விஷம் குடித்தார்’ என்ற வரியைச் செய்தித்தாளில் எத்தனையோ முறை படித்திருப்போம். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்த வரியோடு நின்றுவிடாமல் வீடு தேடிப் போய் விசாரித்தவர்கள் நம் காட்பாடிக்குப் பக்கத்திலேயே, கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கிறார்கள்.

சுமார் 1 லட்சம் பேர் வாழும் அந்த ஒன்றியத்தின் பிறப்பு, இறப்புகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக சுகாதாரப் பிரிவு பல்லாண்டுகளாகப் பதிந்து வருகிறது. ஊரிலேயே குடியிருக்கும் சுகாதாரப் பணியாளர் முதலில் தகவல் சொல்வார். செவிலியரும் மருத்துவரும் அதைச் சரிபார்ப்பார்கள். 1994 முதல் 1999 வரையிலான பதிவுகளைத் தொகுத்தபோது, ஆண்டுக்கு லட்சத்துக்கு 95 பேர் தற்கொலையால் இறந்தது தெரிந்தது. அப்போது அரசுக் கணக்கில் தேசிய சராசரி 10, 11 என்ற அளவில்தான் இருந்தது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்களைத் தனியாக ஆராய்ந்தபோது வந்த எண் இன்னும் கொடியது: லட்சத்துக்கு 148.

கணியம்பாடிக்காரர்கள் மட்டும் வேறு பிறவிகளா என்ன? அங்கே ஒழுங்காக எண்ணினார்கள். மற்ற இடங்களில் போலீஸ் கேஸுக்குப் பயந்தும், குடும்பத்தின் பேர் கெட்டுவிடும் என்று அஞ்சியும் உண்மையான காரணத்தை மறைத்துவிடுகிறோம்.

எண்ணி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இலங்கை பதில் சொல்லும். எந்தப் பூச்சிமருந்தைக் குடித்தவர்கள் அதிகம் பிழைக்கவில்லை என்பதைக் கவனித்து, கொடியவற்றை ஒவ்வொன்றாக அங்கே தடை செய்தார்கள். 1995-க்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்தத் தடைகளால் விளைச்சலும் விழவில்லை. மக்களின் துயரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆத்திரப்பட்ட அந்த ஒரு நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் சாவு இல்லை, அவ்வளவுதான்.

நம் காட்பாடிக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். இங்கே வயல் சுருங்கிவிட்டது; விடுதிகளும் மருந்துக் கடைகளும் பெருகிவிட்டன. அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் அதிகம் விழுங்கியது எலி மருந்தா, தூக்க மாத்திரையா, வீட்டில் மீந்த வலி மாத்திரையா? ஊகம் போதாது. எலி மருந்து என்றால் பெட்டிக்கடைக்காரர்களிடம் பேச வேண்டும். மாத்திரை என்றால், சீட்டில்லாமல் அட்டை அட்டையாக விற்பதை நிறுத்த வேண்டும். தேர்வு முடிவு வரும் வாரத்தில் எண்ணிக்கை கூடுகிறது என்றால் பள்ளி, கல்லூரிகள் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வேண்டும். யாருடைய பெயரும் தேவையில்லை. வயது, விழுங்கிய பொருள், அது கிடைத்த இடம், மாதம் ஆகியவை போதும். மருத்துவமனைகளும் 108 ஊழியர்களும் மாநகராட்சியும் மாதம் ஒருமுறை கூடி உட்கார்ந்தால் முடிகிற வேலை இது.

மருந்துக் கடை நடத்தும் அண்ணன்மார்களே, விடுதிக் காப்பாளர்களே, கிராம சுகாதாரச் செவிலியர்களே, நீங்கள் கண்டதை, பெயர்களை விட்டுவிட்டு, எங்களுக்கு எழுதுங்கள். வீட்டில் மனம் உடைந்து யாராவது இருந்தால், திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 104, 14416 இரண்டும் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசக் கிடைக்கும் உதவி எண்கள்.

அன்புடன்,
ஆசிரியர்