இருமொழிப் பள்ளியா? இரு ஜாதிப் பள்ளியா?

சர்வதேசப் பள்ளிக்கூடம் என்றும், இருமொழிப் பள்ளிக்கூடம் என்றும் பெயர் வைத்துக்கொண்டு உலகத்தின் பெரிய பட்டணங்களில் எல்லாம் தனியார் பள்ளிகள் நடைபெற்று வருகின்றன. 3 வயதுக் குழந்தையைச் சேர்த்துக்கொண்டு 18 வயதில் வெளியே அனுப்புகிறார்கள். நமது நாட்டிலும் அந்தப் பெயர்ப்பலகை சிறு ஊர்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது. நிலத்தை விற்றாவது, நகையை அடகு வைத்தாவது தம் பிள்ளையை அங்கே தள்ளிவிட்டால் போதும், பிறகு அது கரையேறிவிடும் என்று எண்ணுகிற தாய் தகப்பன்மார்கள் நம் தோழர்களுக்குள்ளேயே பலர் இருக்கிறார்கள். ஆகையால் இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நலமென்று கருதுகிறோம்.

முதலாவது, நாம் ஆங்கிலத்துக்கு விரோதிகளல்ல. ஒரு மனிதன் எத்தனை பாஷை கற்றாலும் அத்தனையும் அவனுக்கு லாபமே. ஒரு பாஷையைத் தெய்வமாக்கி அதற்குக் கற்பூரம் கொளுத்துவதும் நம்முடைய வேலையல்ல. நாம் கேட்பதெல்லாம் இதுதான்: இரண்டு பாஷை என்று பலகையில் எழுதியிருந்தால் உள்ளேயும் இரண்டு பாஷை இருக்கின்றதா? இருந்தால் இரண்டுக்கும் ஒரே மரியாதை உண்டா? அந்த வாசற்படியை மிதிக்க யாருடைய பிள்ளைக்கு யோக்கியதை உண்டு?

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 1914 முதல் 1918 வரை நடந்த மகா யுத்தத்துக்குப் பிறகு ஸ்விட்சர்லாந்து தேசத்து ஜெனிவா நகரில் சர்வதேச சங்கமும், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் ஏற்பட்டன. அவற்றில் உத்தியோகம் பார்க்கப் பல தேசத்தார் குடும்பத்துடன் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1924-ல் ஜெனிவா சர்வதேசப் பள்ளி ஆரம்பிக்கப்பட்டது. அடால்ப் பெரியேர் என்னும் கல்விச் சீர்திருத்தக்காரர் அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர். பிரெஞ்சும் ஆங்கிலமும் அங்கே போதனா பாஷைகள். 1926-ல் ஜவாஹர்லால் நேரு தம் மனைவியின் வைத்தியத்துக்காக ஜெனிவாவுக்குப் போயிருந்தபோது மகள் இந்திராவைச் சிறிது காலம் படிக்க வைத்ததும் அந்தப் பள்ளியில்தான்.

அந்தப் பள்ளியை 1929 முதல் 1949 வரை நடத்தி வந்தவர் மாரி தெரேஸ் மொரெத் என்னும் அம்மையார். அவர் செய்த காரியம் நம் கவனத்துக்கு உரியது. ஆங்கிலம் பேசுகிற பிள்ளை பிரெஞ்சு படித்தே தீர வேண்டும். பிரெஞ்சு பேசுகிற பிள்ளை ஆங்கிலம் படித்தே தீர வேண்டும் என்று வைத்தார். பூகோளத்தை அவரவர் தேசத்திலிருந்து ஆரம்பிக்காமல் உலகம் முழுமையிலிருந்தும் ஆரம்பித்துக் கற்பிக்கச் செய்தார். என் தேசமே உயர்ந்தது, என் ராஜாவே வீரன் என்கின்ற பாடத்தைச் சிறு பிராயத்திலேயே மூளையில் ஏற்றுவதால்தான் பிற்காலத்தில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொல்லத் துணிகிறார்கள் என்பது அங்கே கண்ட கருத்து. 1948-ல் யுனெஸ்கோவுக்காக இம்முறைகளைப்பற்றி அந்த அம்மையார் ஓர் அறிக்கையும் எழுதினார். இதில் நாம் மறுத்துச் சொல்ல யாதொன்றும் இல்லை. பிறந்த இடத்தைக் கொண்டு பெருமை பேசுகிற புத்தியைக் குழந்தைப் பருவத்திலேயே கிள்ளி எறிய வேண்டும் என்பதை யார்தான் ஆட்சேபிக்க முடியும்?

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு என்பது ஜெனிவா நகரத்துப் பால்காரனும், டிராம் வண்டிக்காரனும் பேசுகிற பாஷை. வெளியிலிருந்து வந்த பெரிய உத்தியோகஸ்தன் பிள்ளை, தான் குடியிருக்கும் ஊர்க்காரனுடைய பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இருமொழி என்பதற்கு அங்கே இருந்த அர்த்தம் அது.

ஆனால் அதுவும் தர்மப் பள்ளிக்கூடமல்ல. இன்று அதன் மேல் வகுப்புகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் சம்பளம் 30,000 ஸ்விஸ் பிராங்குக்கு மேல். அதே ஜெனிவாவில் சர்க்கார் பள்ளியில் சம்பளமே கிடையாது. ஆகவே டிராம் வண்டிக்காரனுடைய பாஷை உள்ளே போயிற்றே ஒழிய, டிராம் வண்டிக்காரனுடைய பிள்ளை உள்ளே போகவில்லை. உலக சமாதானத்துக்கென்று ஏற்பட்ட பள்ளியின் கதியே இதுவானால், லாபத்துக்கென்று ஏற்பட்ட பள்ளிகளைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடிக்கடி ஊர் மாறுகிற உத்தியோகஸ்தர் பிள்ளைகள் எந்த தேசத்துச் சர்வகலாசாலையிலும் சேருவதற்கு உதவியாக, 1968-ல் அதே ஜெனிவாவில் இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்னும் பரீட்சை ஸ்தாபனம் ஏற்பட்டது. காரணம் நியாயமானதே. ஆனால் வரவர, ஊரை விட்டு ஒருநாளும் மாறாத உள்ளூர்ப் பணக்காரர் பிள்ளைகளுக்கும் அது வேண்டியதாயிற்று. மலேசியாவில் சர்வதேசப் பள்ளிகளில் உள்நாட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கு 40-க்கு மேல் இருக்கக்கூடாதென்று ஒரு வரம்பு இருந்தது. 2012-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். வெளிதேசத்துப் பிள்ளைக்காகக் கட்டிய வீட்டில் உள்ளூர்ப் பிரபு குடியேறினான். வீட்டின் பெயர் மட்டும் மாறவில்லை.

அங்கெல்லாம் இரண்டு பாஷையின் நிலைமை என்ன? கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம் எல்லாம் ஆங்கிலத்தில். உள்ளூர்ப் பாஷைக்கு வாரத்தில் சில மணி நேரம். அதிலும் பாட்டும் கதையும் பண்டிகை விசேஷமும்தான். அறிவுக்கு ஒரு பாஷை, அலங்காரத்துக்கு ஒரு பாஷை என்றாகிவிட்டது. ஆயாவோடும், மோட்டார் ஓட்டியோடும் பேசுவதற்கு மட்டும் ஒரு பாஷை என்று 5 வயதுப் பிள்ளை தெரிந்துகொண்டால், அந்த பாஷை பேசுகிறவர்களைப்பற்றி அது என்ன தெரிந்துகொள்ளும்? எந்தப் பாடப் புஸ்தகத்திலும் இது எழுதியிருக்காது. ஆனால் தினந்தோறும் நடக்கும் பாடம் இதுதான்.

இந்தோனேசியாவில் நடந்ததைச் சொல்லுகிறோம். 2003-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்தில், சர்வதேசத் தரமுள்ள பள்ளிகளைச் சர்க்காரே நடத்த வேண்டுமென்று ஒரு பிரிவு வைத்தார்கள். அதன்படி சுமார் 1300 சர்க்கார் பள்ளிகள் பொறுக்கி எடுக்கப்பட்டு, தனிப்பணம் கொடுக்கப்பட்டு, கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டன. அல்லாமலும், பெற்றோரிடம் பணம் வசூலிக்கவும் அனுமதிக்கப்பட்டன. சர்க்கார் பள்ளிக்குள்ளேயே சம்பளப் பள்ளி முளைத்தது. பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜனவரி 8-ந் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம் அப்பிரிவையே செல்லாதென்று தள்ளிவிட்டது. இது பணக்காரப் பிள்ளைக்கு ஒரு கல்வி, ஏழைப் பிள்ளைக்கு ஒரு கல்வி என்று பிரிக்கிறது, தேச பாஷையையும் கீழே தள்ளுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

அதோடு நிற்கவில்லை. 2014-ல் தனியார் பள்ளிகளும் 'இன்டர்நேஷனல்' என்னும் சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ளக்கூடாதென்று உத்தரவாயிற்று. ஜகார்த்தா நகரத்து ஜே.ஐ.எஸ். என்னும் பெரிய பள்ளி 'இன்டர்நேஷனல்' என்பதை 'இன்டர்கல்ச்சரல்' என்று மாற்றிக்கொண்டு, அதே ஜே.ஐ.எஸ். ஆகவே இன்றும் இருக்கிறது! அங்கே படிக்கும் இந்தோனேசியப் பிள்ளைகளுக்குத் தேச பாஷையும், குடிமைப் பாடமும், மதமும் கட்டாயம் என்றார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது எதற்கு என்பது நமக்கு விளங்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்தால் அதற்குத் தட்சணையாக மதத்துக்கும் ஏதாவது கொடுத்துத் தீரவேண்டும் போலும்.

பெயரை அழித்ததால் சம்பளம் குறைந்துவிடவில்லை என்பது வாஸ்தவமே. ஆனாலும் ஒரு நீதிமன்றம், பள்ளிக்கூடத்துச் சுவர் இரண்டு வகை ஜனங்களை உண்டாக்கக்கூடாதென்று சொல்லியிருப்பது சாமானியமல்ல.

இனி, சிலர் நம்மை மறித்து, “கனடா தேசத்தில் செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில் 1965-ல் ஆங்கிலக் குழந்தைகளை மழலை வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படிக்க வைத்தார்களே, அவர்கள் ஆங்கிலத்தை மறந்துவிடவில்லையே, நம் பிள்ளை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கக்கூடாது?” என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். அந்தச் சோதனை பலித்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகள் யார்? வீட்டிலும், கடையிலும், கம்பெனியிலும் ஆதிக்கம் செலுத்துகிற ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அது தேய்ந்துபோகும் என்கின்ற பயமே அவர்களுக்கில்லை. 2-ம் வகுப்பிலிருந்து ஆங்கிலமும் கற்பித்தார்கள். பலமுள்ளவன் தன் அண்டை வீட்டானுடைய பாஷையைக் கற்ற கதை அது. பலமில்லாதவன் தன் பாஷையை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிற கதைக்கு அதை எப்படிச் சாட்சியாகக் கொண்டுவர முடியும்?

சம்பளமில்லாமல் நிஜமான இருமொழிப் பள்ளி நடத்த முடியாதா என்றால், முடியும் என்பதற்கு அமெரிக்காவில் மியாமி நகரத்துக் கோரல் வே பள்ளியே போதும். 1959-ல் கியூபாவில் புரட்சி நடந்த பிறகு அங்கிருந்து வெளியேறிய பல ஆயிரம் பேர் மியாமியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பேசுவது ஸ்பானிஷ். ஊரார் பேசுவது ஆங்கிலம். 1963-ல் அந்த நகரத்துச் சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் போர்டு நிதியின் உதவியோடு ஓர் ஏற்பாடு செய்தார்கள். அரை நாள் அவரவர் தாய்மொழியில் பாடம். மறு அரை நாள் அடுத்தவர் மொழியில் பாடம். சாப்பாட்டிலும் விளையாட்டிலும் இரண்டு கூட்டமும் ஒன்று. ஊரை விட்டு வந்த கியூபா உபாத்தியாயர்கள் அங்கே உபாத்தியாயர்களாகவே அமர்த்தப்பட்டார்கள். அகதியின் பாஷையை ஊர்க்காரன் பிள்ளை உட்கார்ந்து படித்தது! சில வருஷங்கள் கழித்துச் சோதித்துப் பார்த்ததில், ஆங்கிலத்தில் மட்டும் படித்த மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவர்கள் ஆங்கிலத்திலும் கணக்கிலும் இளைத்துப்போகவில்லை என்று கண்டார்கள். அந்தப் பள்ளி இன்றும் மழலை வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை நடக்கிறது. அதற்குப் பெயரில் சர்வதேசமும் இல்லை, வாசலில் கூர்க்காவும் இல்லை.

நிற்க, நம்முடைய தமிழ்நாட்டுத் தோழர்கள் செய்யக்கூடியது என்ன? தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் ஏற்பட்டது. 2009-ம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், தனியார் பள்ளியின் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்கிறது. மைனாரிட்டி ஸ்தாபனங்களுக்கு மட்டும் அது பொருந்தாதென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. விண்ணப்பக் காகிதம் வாங்கப் போகிறவர்கள் பணத்தை நீட்டுவதற்கு முன், இந்த 25-ல் எத்தனை பிள்ளை உள்ளே இருக்கிறது, விஞ்ஞானத்தில் ஒரு பாடமாவது தமிழில் நடக்கிறதா, தமிழ் உபாத்தியாயருக்கும் ஆங்கில உபாத்தியாயருக்கும் ஒரே சம்பளமா, தமிழில் பேசிய பிள்ளைக்கு அபராதம் உண்டா என்று நான்கு கேள்வி கேட்கட்டும்.

அதே 2009-ம் வருஷத்துச் சட்டம், சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்லுகிறது. நல்ல ஆங்கில உபாத்தியாயர் ஒருவர் வேண்டும், மழலை வகுப்பு வேண்டும், புஸ்தக அறை வேண்டும் என்று கேட்கும் அதிகாரம் அந்த நாற்காலிகளுக்கு உண்டு. பெரும்பாலான ஊர்களில் கூட்டத்தன்று அவை காலியாகக் கிடக்கின்றன. அடகுக் கடைக்குப் போக ஒரு நாள் லீவு போடுகிற தோழர், அந்த நாளை இந்தக் கூட்டத்துக்குப் போட்டுப் பார்க்கலாம்.