மன்னிப்புக்கும் காரணம் வேண்டும்

நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டில் வழங்கிய இரண்டு தீர்ப்புகள் சட்டத்தரணிகள் மத்தியிலும் பொதுமக்கள் மத்தியிலும் பரவலான கவனத்தை ஈர்த்தன. இரண்டுமே முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் கொலைக் குற்றவாளிகளுக்கு வழங்கிய பொதுமன்னிப்பைச் செல்லுபடியற்றதாக்கிய தீர்ப்புகள். ஜனாதிபதியின் மன்னிப்பு என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட ஒன்று, அது அரசர் காலத்து அருளின் எச்சம் என்று எண்ணிப் பழகிப்போன ஒரு நாட்டில் இவை சாதாரணமான தீர்ப்புகள் அல்ல. ஆனால், அவற்றைக் கொண்டாடிய பலரும் கவனிக்கத் தவறிய ஒரு பக்கம் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

முதலாவது தீர்ப்பு 2024 ஜனவரி 17 ஆம் திகதி வெளியானது. 2011 ஒக்டோபரில் உள்ளூராட்சித் தேர்தல் தினத்தன்று முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2016 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2018 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2021 ஜூன் மாதம் பொசன் பௌர்ணமி தினத்தன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்கு மன்னிப்பு வழங்கினார். கொல்லப்பட்டவரின் மனைவியும் மகள் ஹிருணிகாவும் நீதிமன்றத்தை நாடினர். 2022 மே இறுதியில் இடைக்காலத் தடை வந்தது. பின்னர் மன்னிப்பே இரத்தானது.

இரண்டாவது தீர்ப்பு அதே ஆண்டு ஜூன் 6 ஆம் திகதி வெளியானது. 2005 இல் ராஜகிரிய ரோயல் பார்க் தொடர்மாடியில் இளம் பெண்ணொருவரைக் கொலை செய்தமைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஒருவருக்கு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2019 நவம்பரில், பதவியிலிருந்து இறங்குவதற்குச் சில தினங்களே இருந்த வேளையில், மன்னிப்பு வழங்கியிருந்தார். அதை எதிர்த்துப் பெண்கள் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. மன்னிப்பு இரத்துச் செய்யப்பட்டபோது மன்னிக்கப்பட்டவர் நாட்டில் இருக்கவில்லை. வெளியில் விடுவதற்கு ஒரு கையொப்பம் போதுமாக இருந்தது. திருப்பிக் கொண்டுவருவதற்கோ நாடுகளுக்கிடையிலான சட்ட நடைமுறைகள் அனைத்தும் தேவைப்படுகின்றன.

இவ்விரு தீர்ப்புகளினதும் சாரம் எளிமையானது. மன்னிக்கும் அதிகாரம் ஜனாதிபதியின் தனிச் சொத்தல்ல. அது மக்கள் அவரிடம் நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைத்த அதிகாரம். அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை அதற்கென ஒரு வழிமுறையை வகுத்துள்ளது. மரண தண்டனைக் கைதி ஒருவரை மன்னிப்பதாயின், வழக்கை விசாரித்த நீதிபதியிடமிருந்து அறிக்கை பெறப்பட வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குச் செல்ல வேண்டும். அதன் பின்னர் நீதி அமைச்சரின் சிபாரிசுடன் ஜனாதிபதியை வந்தடைய வேண்டும். இந்தப் படிகளை வெறும் சடங்காகக் கருதியோ, காரணம் எதையும் எழுதி வைக்காமலோ எடுக்கப்படும் தீர்மானம் தன்னிச்சையானது. சட்டத்தின் முன் யாவரும் சமம் எனக் கூறும் 12 ஆவது உறுப்புரைக்கு முரணானது. 2015 இல் நிறைவேறிய 19 ஆவது திருத்தம், ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களைச் சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கி அடிப்படை உரிமை மனு மூலம் கேள்விக்குட்படுத்த வழி திறந்திராவிட்டால் இத்தீர்ப்புகள் சாத்தியமாகியிருப்பது கடினம்.

அயல்நாட்டில் இக்கோட்பாடு புதியதல்ல. ஆந்திர ஆளுநர் வழங்கிய தண்டனைக் குறைப்பொன்றை இந்திய உச்ச நீதிமன்றம் 2006 இலேயே இரத்துச் செய்திருந்தது. சாதி, மதம், கட்சி விசுவாசம் ஆகியவை மன்னிப்புக்கு அடிப்படையாக முடியாது என்பதே அங்கு வலியுறுத்தப்பட்டது. நாம் பதினெட்டு ஆண்டுகள் பிந்தியேனும் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

இனி, கவனிக்கப்படாத பக்கத்துக்கு வருகிறேன்.

2000 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இடம்பெயர்ந்திருந்த தமிழ் மக்கள் சிலர் தமது வீடு வளவுகளைப் பார்த்து வருவதற்காகத் தென்மராட்சியின் மிருசுவிலுக்குச் சென்றனர். அவர்களில் எட்டுப் பேர் கொலை செய்யப்பட்டனர். ஐந்து வயதுக் குழந்தையும் அவர்களில் ஒருவர். காயங்களுடன் தப்பிய ஒருவர் வெளியுலகுக்குச் சொன்னதாலேயே புதைக்கப்பட்ட சடலங்கள் மீட்கப்பட்டன. சம்பவம் நடந்து பதினான்கரை ஆண்டுகளின் பின்னர், 2015 ஜூன் 25 ஆம் திகதி, மூன்று நீதிபதிகளைக் கொண்ட கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தது. மற்றைய நால்வரும் விடுதலை செய்யப்பட்டனர். 2019 இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் அத்தண்டனையை ஏகமனதாக உறுதிப்படுத்தியது.

இத்தகைய ஒரு தீர்ப்பு எவ்வளவு அரிதானது என்பதை, போர்க்கால வழக்குகளின் செய்திகளை ஆசிரியபீட மேசையில் ஆண்டாண்டாகத் திருத்திக் கொடுத்தவன் என்ற வகையில் நான் அறிவேன். 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 2005 இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புடன் அதில் எவருமே குற்றவாளியாக எஞ்சவில்லை. 1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். இருபது ஆண்டுகளின் பின்னர், 2016 ஜூலையில், அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டனர். 1998 இல் தீர்ப்பளிக்கப்பட்ட கிருஷாந்தி குமாரசுவாமி வழக்கைப் போல விரல்விட்டு எண்ணக்கூடிய சில வழக்குகளே தண்டனை வரை வந்தன. அந்தச் சிலவற்றுள் ஒன்று மிருசுவில்.

அந்தத் தண்டனையும் நிலைக்கவில்லை. 2019 ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்திலேயே, பொய்க் குற்றச்சாட்டுகளின் பேரில் சிறையிலிருக்கும் படையினரை விடுவிப்பேன் என்று கோட்டாபய ராஜபக்ஷ வாக்குறுதியளித்திருந்தார். 2020 மார்ச் 26 ஆம் திகதி, கொரோனா தொற்றினால் நாடே ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வேளையில், சுனில் ரத்நாயக்க மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் கவலை வெளியிட்டது. மன்னிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுக்களும் தாக்கல் செய்யப்பட்டன.

மேற்சொன்ன மூன்று மன்னிப்புகளையும் திகதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். 2019 நவம்பர், 2020 மார்ச், 2021 ஜூன். மூன்றிலும் இறுதியாக வழங்கப்பட்டதே முதலில் இரத்தானது. முதலாவதாக வழங்கப்பட்டது அடுத்து இரத்தானது. 2024 நடுப்பகுதியில் இவ்விரண்டுக்கும் முடிவு கிடைத்துவிட்ட நிலையில், நடுவில் நின்ற மிருசுவிலுக்கு மட்டும் அத்தகைய இறுதித் தீர்ப்பு வந்திருக்கவில்லை. அடிப்படை உரிமை மனுவொன்று இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை கூறுகிறது. அது வழிகாட்டலேயன்றிக் கட்டாயமல்ல என்பது நீதிமன்றங்களின் வியாக்கியானம். வழக்குகளின் சுமையையும் நான் மறுக்கவில்லை. நீதிபதிகளுக்கு உள்நோக்கம் கற்பிப்பதும் என் நோக்கமல்ல. ஆனால், வரிசை எவ்வாறு அமைகிறது என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு.

என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: ஒரு வழக்கு எவ்வளவு வேகமாக முன்னகர்கிறது என்பதில் பொதுமக்களின் கவனத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. துமிந்த சில்வாவின் மன்னிப்பு வெளியான உடனேயே சட்டத்தரணிகள் சங்கம் விளக்கம் கேட்டது. தென்னிலங்கையின் பத்திரிகைகள் விடாமல் எழுதின. கொல்லப்பட்டவரின் மகள் அரசியல்வாதி. அவருக்கு ஒலிவாங்கிகள் இருந்தன. ரோயல் பார்க் வழக்கைத் தலைநகரின் நடுத்தர வர்க்கம் தன் வீட்டுத் துயரமாகவே கருதியது. இவையெல்லாம் நியாயமானவையே. மிருசுவிலின் குடும்பங்களுக்கு இவற்றில் எது இருந்தது? அவர்கள் பேசும் மொழியில் கொழும்பில் வழக்கு நடப்பதில்லை. சாட்சி சொல்வதற்காக வடக்கிலிருந்து பல ஆண்டுகள் அலைந்து பெற்ற தீர்ப்பு, ஓர் ஊரடங்கு நாளில் கைநழுவிப் போனது. தெற்கில் கண்டனம் எழவேயில்லை என்று கூறமுடியாது. மனித உரிமைச் சட்டத்தரணிகளும் சிவில் அமைப்புகளும் துணிந்து குரல் கொடுத்தார்கள். ஆயினும், அது தேசத்தின் கோபமாக மாறவில்லை. ஒரு தரப்பினருக்கு அவர் கொலைக் குற்றவாளியாகவன்றி, விடுவிக்கப்பட்ட 'ரணவிரு' ஆகவே தென்பட்டார்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மன்னிக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் கட்டுப்படுத்தினால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நீண்டகாலம் சிறையில் வாடிய தமிழ்க் கைதிகளின் கதி என்னவாகும் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. துமிந்த சில்வா விடுதலையான அதே தினத்தில் தமிழ்க் கைதிகள் பதினாறு பேரும் விடுவிக்கப்பட்டனர். தன்னைக் கொல்ல முயன்றதாகத் தண்டிக்கப்பட்டிருந்த முன்னாள் புலி உறுப்பினர் ஒருவருக்கு மைத்திரிபால சிறிசேன 2016 ஜனவரியில் மன்னிப்பளித்ததை நாம் எல்லோரும் பாராட்டினோம். ஆகவே, மன்னிப்பு என்ற கதவு மூடப்பட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அந்தக் கதவு எவருக்கு, எதற்காகத் திறக்கப்படுகிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே வாதம். சித்திரவதையின் கீழ் பெறப்பட்டதாகக் கூறப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தினால் பல்லாண்டுகள் சிறையிருந்த ஒருவரை விடுவிப்பதற்குக் காரணம் எழுதுவது கடினமல்ல. குழந்தையைக் கொன்ற குற்றம் இரண்டு நீதிமன்றங்களில் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்ட பின்னர், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒருவரை விடுவிப்பதற்குக் காரணம் எழுதுவதுதான் கடினம். காரணம் எழுதும் கடப்பாட்டுக்கு அஞ்ச வேண்டியவர்கள் நாமல்ல.

மற்றுமொரு விடயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். மன்னிப்பை எதிர்ப்பது தூக்குக்கயிற்றைக் கோருவதாகாது. இலங்கையில் 1976 ஆம் ஆண்டுக்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. மரண தண்டனையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதே எனது நீண்டகால நிலைப்பாடு. மரண தண்டனையை ஆயுட்காலச் சிறையாகக் குறைத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கப் போவதில்லை. முழுமையாக மன்னித்து வீட்டுக்கு அனுப்புவது வேறு. அது இறந்தவர்களின் உறவினருக்கு, உங்கள் இழப்பு ஒரு பொருட்டல்ல என்று அரசு கூறுகின்ற செய்தியாகும்.

எனவே செய்யக்கூடியவை சில உள்ளன. மரண தண்டனைக் கைதியொருவருக்கு மன்னிப்பளிக்கும்போது நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, ஜனாதிபதியின் காரணம் ஆகிய மூன்றும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கருத்து, அவர்களுக்குப் புரியும் மொழியில், முன்கூட்டியே கேட்கப்பட வேண்டும். தேர்தலுக்கும் பதவி முடிவுக்கும் இடைப்பட்ட நாட்களில் மன்னிப்பு வழங்குவது தடுக்கப்பட வேண்டும். அத்தகைய மன்னிப்பை எதிர்த்து வரும் மனுக்களுக்கு நீதிமன்றம் முன்னுரிமை வழங்க வேண்டும். ஏனெனில், காலம் கடந்து வரும் தீர்ப்பு சிலவேளைகளில் ஆளில்லாத வீட்டுக்குச் சென்ற கடிதம் போலாகிவிடுகிறது. ரோயல் பார்க் தீர்ப்பு அதற்கு உதாரணம்.

2024 இல் உயர் நீதிமன்றம் நல்லதோர் அளவுகோலை உருவாக்கியிருக்கிறது. அதைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அளவுகோல் ஒன்றின் நேர்மை, அதனால் முதலில் அளக்கப்பட்டவற்றால் மட்டும் நிரூபணமாவதில்லை. முல்லேரியாவையும் ராஜகிரியவையும் அளந்த அதே கோல் மிருசுவிலிலும் வைக்கப்படும்போதுதான் அது நாட்டின் சட்டம் என்ற தகுதியைப் பெறும். அதுவரை அதைக் கொழும்பின் சட்டம் என்று தென்மராட்சியில் ஒருவர் சொன்னால், அவரை மறுத்துரைக்க என்னிடம் வார்த்தைகள் இல்லை.