பதிவேட்டைக் கொளுத்தியவன் முட்டாளா?

காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஆங்கில வரலாறு படித்த நண்பர் ஒருவர் உண்டு. 1381-இல் இங்கிலாந்தில் நடந்த குடியானவர் கலகம் பற்றிப் பேச்சு வந்தது. "எழுத்தறிவில்லாத கும்பல் சார், கண்ணில் பட்ட பத்திரத்தையெல்லாம் கொளுத்தியது" என்றார். ஆயுள் முழுக்கப் பதிவேடுகளைக் கட்டிக்காத்த குமாஸ்தா நான். கொளுத்தியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நண்பர் மேல் வந்தது.

கண்ணில் பட்டதையெல்லாம் அவர்கள் கொளுத்தவில்லை ஐயா. ஊர் ஊராகப் பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடிப்பிடித்துக் கொளுத்தினார்கள். தோலில் லத்தீனில் எழுதிய அந்தச் சுருள்களில்தான் எல்லாம் இருந்தது: இன்னார் பண்ணையடிமை, பிரபுவின் நிலத்தில் இத்தனை நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், மகளுக்குக் கல்யாணம் என்றால் இவ்வளவு கட்ட வேண்டும், குடும்பத்தலைவன் செத்தால் வீட்டிலிருக்கும் நல்ல மாட்டை ஓட்டிக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவனுக்கும் தன் கழுத்துக் கயிறு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியும். பதிவேட்டில் ஓர் எழுத்து தப்பாக விழுந்து, ஒரு கிழவியின் ஓய்வூதியம் இரண்டு வருடம் நின்றதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 'விலேன்' என்றால் பழைய பிரெஞ்சில் பண்ணைக் குடியானவன். அதே சொல் போகப்போகக் கெட்டவன், ஈனன் என்றானது. நம்பியாருக்கும் வீரப்பாவுக்கும் நாம் கொடுத்த 'வில்லன்' பட்டம் அந்த ஏழைக் குடியானவனுடையது. பெயர் வைத்தவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

1215-இன் மாக்னா கார்ட்டாவைத் தலையில் வைத்து ஆடுகிறார் நண்பர். 'சுதந்திர மனிதனை' விசாரணையின்றிச் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது அது. பண்ணையடிமை சுதந்திர மனிதன் இல்லையே! அவன் நிலையை அசைத்தது 1348-இல் வந்த கொள்ளைநோய். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மக்கள் செத்தார்கள். மிஞ்சியவன் கூலி கூடக் கேட்டான். உடனே 1351-இல் சட்டம் போட்டார்கள், நோய்க்கு முந்தைய கூலிதான் என்று. அதன் பிறகு தலைவரி. 1377-இல் தலைக்கு 4 பென்ஸ், மூன்றே வருடத்தில் 12 பென்ஸ். யார் பொறுப்பார்கள்?

ஜூன் 14 அன்று பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்ட் மைல் எண்ட் திடலில் விடுதலை தருவதாக ஒப்புக்கொண்டான். எழுத்தர்கள் உட்கார்ந்து சாசனம் எழுதினார்கள், என் தொழில்காரர்கள்தான். மறுநாள் கலகத் தலைவன் வாட் டைலரை வெட்டிக் கொன்றார்கள். ஜூலை 2-ஆம் தேதி அத்தனை சாசனமும் ரத்து. இதில் முட்டாள் யார், அயோக்கியர் யார்?

கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழக ஆவணங்களும் சந்தைத் திடலில் எரிந்தன. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை.

ஆனால் பிறகு நடந்ததை நண்பர் சொல்வதே இல்லை. ஆள் கிடைக்காத பிரபுக்கள் அடுத்த நூறு வருடத்தில் தாமாகவே இறங்கி வந்தார்கள். இலவச உழைப்பு போய் ரொக்க வாடகை வந்தது. குடியானவன் பெயரைப் பண்ணைச் சுருளில் எழுதி, அதன் நகலை அவன் கையிலேயே கொடுத்தார்கள். 'காப்பிஹோல்ட்' என்று அதற்குப் பெயர். அந்த நகல்தான் அவன் நிலத்துக்குச் சாட்சி. 1925 முடியும்வரை அந்த முறை அங்கே இருந்தது.

நண்பர் நாளைக் காலை வரட்டும், கேட்கிறேன்.