எல்லையை மூடினால் நோய் நிற்குமா?



2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் இத்தாலியில் நடந்ததை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அங்கு குடியேறிகளை எதிர்த்துப் பேசியே வாக்குச் சேர்த்த கட்சி 'லேகா'. கொரோனா பரவத் தொடங்கியதும் அதன் தலைவர் மத்தேயோ சல்வீனி, ஆபிரிக்காவிலிருந்து கடல்வழியே வருவோரைக் கரையிறங்க விடுவது பொறுப்பற்ற செயல் என்றார். எல்லைகளை மூடவும் கோரினார்.

அந்நேரம் ஆபிரிக்கா முழுவதிலும் உறுதிப்படுத்தப்பட்டிருந்த நோயாளி, எகிப்தில் ஒருவர் மட்டுமே. ஆனால் வட இத்தாலியின் கொதோஞ்ஞோ என்ற சிறு நகரில் ஓர் இத்தாலியருக்கே தொற்று உறுதியானது. வயது 38. அவர் சீனாவுக்குப் போயிருக்கவில்லை. நோய் ஏற்கெனவே ஊருக்குள் பரவியிருந்தது.

பெப்ரவரி 24இல் ஆபிரிக்கத் தீவு நாடான மொரீசியஸ், விமானத்தில் வந்த வட இத்தாலியப் பகுதியினர் சுமார் 40 பேரைத் தனிமைப்படுத்தலுக்கு உட்படாமல் உள்ளே விட மறுத்தது; அவர்கள் திரும்பிச் சென்றனர். இப்போது சந்தேகம் இத்தாலியர் மீதே திரும்பியிருந்தது.

அவ்வாண்டு மே மாதம், ஆவணமில்லாத குடியேறிகள் வதிவிட அனுமதி பெற இத்தாலி அரசு வழி செய்தது. 2 இலட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்வோருக்கானவை. வெளியே நிற்கச் சொல்லப்பட்ட மக்கள்தான் அந்நாட்டு முதியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொற்றுக் காலத்தில் பயணங்களைக் கட்டுப்படுத்துவது தவறல்ல. எங்கிருந்து வந்தவரையும் பரிசோதிக்கலாம், தனிமைப்படுத்தலாம். ஒரு பகுதி மக்களையே நோயாகக் காட்டுவதுதான் தவறு.

இதை எழுதும்போது எனது பிழையும் நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டு, மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருந்து திரும்பிய சகோதரி ஒருவரைப் பார்க்கப் போனேன். தனிமைப்படுத்தல் முடித்த சான்றிதழைக் காட்டினார். "உள்ளுக்கு வாங்கோ மிஸ், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். நேரமில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் படலைக்கு வெளியே நின்றே பேசினேன். சமூகவியல் படித்தவள் நான். அயலவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன்பின் பல நாட்கள் அந்தப் படலையை எவரும் திறக்கவில்லை.

சோதனைச் சாவடிகளில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்தப் பார்வை எப்படி வலிக்கும் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இனி யாராவது "இவர்களால்தான் நோய்" என்றால், எத்தனை பேருக்கு, எங்கே, எப்படி வந்தது என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். பிந்தித்தான் போனேன்.