பென்னிகுவிக் படமும் அதன் சட்டமும்

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில், விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் கூடத்தில், குலதெய்வப் படத்துக்கும் காலஞ்சென்ற பெரியவர்களின் புகைப்படங்களுக்கும் பக்கத்திலேயே மீசை வைத்த ஓர் ஆங்கிலேயரின் படமும் மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். மேற்கே கடலை நோக்கி ஓடிய ஆற்றை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-ல் அவ்வேலையை முடித்துக் கொடுத்த ஜான் பென்னிகுவிக்குக்கு இப்பிரதேசத்து ஜனங்கள் அளித்திருக்கும் ஸ்தானம் அது. லோயர் கேம்ப்பில் 2013-ல் சர்க்கார் மணிமண்டபம் திறப்பதற்கு வெகுகாலம் முன்பே தாமாக அளித்தது. அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15, பொங்கலை ஒட்டியே வருவதால், அன்று அவர் படத்துக்கு மாலை சூட்டிப் பொங்கலிடுவதும் வழக்கமாகிவிட்டது.

இவ்வளவு பக்தி சிரத்தையோடு பேணப்படும் படத்தைச் சுற்றியிருக்கும் சட்டம் மட்டும், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற, பொன்முலாம் பூசியதுபோல் மினுக்குகிற பிளாஸ்டிக் சட்டமாகவே இருப்பது எனக்குச் சமாதானமாகப் படவில்லை. படத்தை அச்சகத்தார் தரட்டும். சட்டத்தையாவது வீட்டார் தம் கையால் அலங்கரிக்கலாகாதா?

இது நமக்குப் புதிய வித்தையன்று. ரவி வர்மா அச்சகத்து லட்சுமி, சரஸ்வதி படங்களை வாங்கிய அக்காலத்துப் பெண்டிர், அச்சிட்ட சேலையின் மேல் மெய்யான துணியையும் ஜரிகையையும் சமிக்கியையும் ஒட்டித் தைத்துப் படத்துக்கே ஆடை உடுத்தினார்கள். தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்களோ, பலகையில் துணி ஒட்டி, மக்குப் பூசி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, பொன் ரேக்கு வைத்து, ஓவியத்துக்கும் நகை வேலைக்கும் நடுவே ஒரு கலையை நிலைநாட்டினார்கள்.

சாமான்களுக்கும் பஞ்சமில்லை. உடைந்த கண்ணாடி வளையல், தரை போட்டபோது மிஞ்சிய ஓட்டுத் துண்டு, புளியங்கொட்டை, போடி மலையின் காப்பிக்கொட்டை, ஏலக்காய்த் தோல், இலவங்காய் ஓடு என்று கூடத்தில் பரப்பி வைத்தாலே அந்த ஊரின் நிறங்கள் வந்துவிடும். மரம் வேம்போ தேக்கோ, நன்றாக உலர்ந்ததாக இருக்கவேண்டும். இல்லாவிடில் மழைக்காலத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, ஒட்டியதையெல்லாம் உதிர்த்துவிடும். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மரப்பசை தடவி, துண்டுக்குத் துண்டு நெல்மணி அளவு இடைவெளி விட்டு ஒட்டி, ஒருநாள் காயவிட்ட பிறகு சந்துகளை வெள்ளைச் சிமெண்டால் நிரப்பலாம். அச்சிமெண்டில் கொஞ்சம் செங்கல் பொடி கலந்தால் நல்ல காவி நிறம் கிட்டும். சுண்ணாம்போடு சுர்க்கி என்னும் செங்கல் பொடியைச் சேர்த்துத்தான் பெரியாறு அணையையே கட்டினார்கள். ஆகவே அணை கட்டியவரின் படச்சட்டத்துக்கு இந்தக் கலவையைவிடப் பொருத்தமானது வேறென்ன உண்டு? கண்ணாடியும் படமும் உட்காரும் காடியில் மட்டும் ஒரு பொட்டுக் கலவைகூடத் தங்கலாகாது. வேலை முழுவதும் முடிந்து, ஈரம் வற்றிய பின்னரே படத்தை உள்ளே வைக்கவேண்டும்.

கையில் இருப்பதையெல்லாம் ஒட்டித் தீர்த்துவிடும் ஆசைதான் இவ்வித்தையின் பெரிய சத்துரு. நான்கு பக்கமும் அடைத்து, மூலைக்கு மூலை சோழியும் வைத்து, கல்யாண மேடைபோல் ஜோடித்த சட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் இருந்த முகம் யாருடையது என்று எனக்கு ஞாபகமில்லை. இரண்டு பக்கத்தை வெறும் மரமாகவே விட்டு, எண்ணெய் மட்டும் தேய்த்துவைப்பது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். சுவரில் ஒற்றை ஆணியை நம்பித் தொங்கும் பொருளுக்கு அந்த எடைக் குறைவும் நல்லதே.

பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடங்கள் டிசம்பர் மாதத்தில் கைவேலை வகுப்பு இரண்டை இதற்கு ஒதுக்கினால், பொங்கலுக்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டம் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மரச்சட்டம் அறுத்துக் கொடுக்க அந்தந்த ஊர்த் தச்சரை அழைத்து, அவருக்குரிய கூலியையும் கொடுத்துவிடவேண்டும்.